ஆபத்து: குறைவு

ஜூன் 10, திங்கள்

சிலிண்டர் வந்தது. எடை போடாமல் வாங்கமாட்டேன் என்று தெரிந்து, கொண்டுவந்தவரே தராசை எடுத்து மாட்டினார். இவ்வளவு பணிவு எதற்கு என்று தோன்றியதால் இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன். எடை சரிதான். "மரகதம், உன்னை ஜெயில் கெடுத்துவிட்டது" என்றார் என் வீட்டுக்காரர். ஏதோ நான் உள்ளே களி தின்றவள் போல. முப்பது வருடமாக அங்கே நான் உளவியலாளர்.

இன்று பேராசிரியர் சுலைமான் தன் ஆய்வைத் தொடங்கினார். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை முடிந்து, ஐந்து வருடங்களுக்கு முன் எங்கள் சிறையிலிருந்து வெளியே போனவர்கள் அறுபத்து நான்கு பேர். போகும்போது ஒவ்வொருவருக்கும் நான் ஒரு படிவம் நிரப்பினேன். மொத்தம் பத்துக் கேள்விகள். வயது என்ன, பழைய வழக்கு உண்டா, ஒரு பெண்ணோடு இரண்டு வருடமாவது குடும்பம் நடத்தியிருக்கிறானா, இந்த மாதிரி. கூட்டிப் பார்த்தால், அதே குற்றத்தை மறுபடி செய்யும் ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று வந்துவிடும். வெளிநாட்டுப் படிவம். தமிழில் கொண்டுவந்தது நான். அது சொன்னது பலித்ததா என்று இப்போது பார்க்கப்போகிறாராம். பார்க்கட்டும்.

ஜூன் 21, வெள்ளி

பலித்திருக்கிறது! "குறைவு" என்று நான் போட்ட நாற்பத்தொரு பேரில் ஒருவன்மேல்தான் புது வழக்கு. "அதிகம்" என்று போட்ட ஒன்பது பேரில் நான்கு பேர்மேல். இதைவிட என்ன வேண்டும்?

சுலைமான் டீயை ஆறவைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "இவ்வளவு நல்லா வந்தா எனக்குப் பயமா இருக்கு மேடம்" என்றார்.

"ஏன், கெட்டதா வந்திருந்தா சந்தோஷமா இருந்திருக்குமா?"

"இல்ல மேடம். வழக்கு பதிவாகலைன்னா ஒண்ணும் நடக்கலைன்னு ஆயிடுமா? ஒரு பத்து வீட்டுக்கு நேர்ல போய்ப் பார்த்துட்டு வரலாமே."

மிகவும் பதவிசாகப் பேசுகிறார். எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் என் பெயரைக் கெடுத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று பார்க்கிறார் போல. நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

சீட்டுக் குலுக்கிப் பத்துப் பெயர் எடுத்தார்கள். ஆறாவது பெயர் நாச்சிமுத்து. முப்பத்தெட்டு வயது, கரட்டுப்புதூர் கோழிப்பண்ணையில் வேலை. பக்கத்து வீட்டு எட்டு வயதுக் குழந்தை, விவரம் எழுதமாட்டேன். என் மதிப்பெண் இரண்டு. குறைவு. பெயரைப் பார்த்ததும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அவன் அம்மாவின் முகம்கூட நினைவில்லை.

சாயங்காலம் தலைவலி. தைலம் தீர்ந்துபோயிருக்கிறது. யார் தேய்த்துத் தீர்த்தார்களோ.

ஜூலை 4, வியாழன்

ஐந்து வீடு முடிந்தது. எங்கும் புகார் இல்லை. எல்லாரும் மோர் கொடுக்கிறார்கள், அதிலும் தண்ணீர்தான் அதிகம்.

மூன்றாவது வீட்டில் அம்மாக்காரி வாசலை அடைத்துக் கட்டில் போட்டிருக்கிறாள். மகன் வெளியே வரவேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் வரவேண்டும். அறிவில்லாமல் சாமான் போடுகிறார்கள். ஐந்தாவது வீட்டில், எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்துக்கே அவன் அண்ணன் பெண்ணைத் தாத்தா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார். செல்லம்.

எல்லாவற்றுக்கும் "மறுகுற்றம் இல்லை" என்று குறித்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

கரட்டுப்புதூர். பஸ்ஸைவிட்டு இறங்கினதுமே கோழி எச்ச வாடை. பண்ணைக்குள் வரிசையாக ஆறு ஓட்டு வீடுகள், அதில் கடைசி வீடு. நாச்சிமுத்து தீவனம் கலக்கப் போயிருந்தான். மனைவி மட்டும் இருந்தாள். பெயர் தமயந்தி, வயது முப்பத்து மூன்று இருக்கும். அவனுக்குக் கல்யாணம் ஆனதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். சந்தோஷமாகத்தான் இருந்தது. குடும்பம் என்று ஒன்று அமைந்தால் மதிப்பெண் இன்னும் குறையும்.

பெயரைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் பீரோவைத் திறந்து, சாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டும் இருந்த பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். லேமினேஷன் செய்திருந்தது. என் படிவம். கீழே "ஆபத்து: குறைவு". அதன்மேல் அலுவலகத்தின் வட்ட முத்திரை.

"இது உங்க கையெழுத்துத்தானுங்களே?"

"இது எப்படிம்மா உங்கிட்ட வந்துச்சு? இது ஆபீஸ் ஃபைல்ல இருக்கிறது."

"பொண்ணு பாக்க வந்தப்ப அவங்கம்மா கொண்டாந்தாங்க. என்ற மொத வீட்டுக்காரரு லாரியில அடிபட்டுப் போயிட்டாருங்க. அப்ப பாப்பாவுக்கு ஆறு வயசு. இவரு மேல கேசு இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். எங்கண்ணன் இதைக் காட்டித்தான் ஒத்துக்க வெச்சாங்க. கவர்மெண்டு டாக்டரம்மாவே டெஸ்ட் பண்ணி சீல் போட்டுக் குடுத்திருக்கு, அதுக்கும் மேல உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க."

அது நற்சான்றிதழ் இல்லை என்று விளக்கினேன். இந்த மதிப்பெண் வாங்கிய நூறு பேரில் ஆறேழு பேர் மறுபடி செய்திருக்கிறார்கள், மற்றவர்கள் செய்யவில்லை, அவ்வளவுதான் அதன் பொருள்.

"அந்த ஆறேழு பேருல இவரு இருக்காரா, இல்லீங்களா?"

"அது தெரியாதும்மா."

"தெரியாததுக்கா சீல் வெச்சீங்க?"

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, வந்த வேலையைப் பார்த்தேன். இந்த ஐந்து வருடத்தில் அவன் ஏதாவது தப்பாக நடந்தானா என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள். தாளைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டே, "பண்ண உட்டாத்தானுங்களே" என்றாள்.

அதன்பிறகு அவளே சொன்னாள். கல்யாணம் ஆகி இரண்டே வருடம், பெண்ணைக் கொண்டுபோய் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு விடுதியில் சேர்த்துவிட்டாள். அவன் குழந்தையைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. பார்வைக்கு என்ன சாட்சி? தைப்பூசத்துக்கு அவன் பழனிக்குப் பாதயாத்திரை போகும் ஐந்து நாள்தான் பெண் வீட்டுக்கு வரும். கீறல் விழுந்த முட்டை மலிவு என்பதால் ஊர்ப் பிள்ளைகள் பாத்திரத்தோடு பண்ணைக்கு வருவார்கள். அந்த விற்பனையை முதலாளியிடம் கெஞ்சித் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஐந்து வருடத்தில் ஒரு கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகவில்லை. அவனை ஊரில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்கிறாள்.

"இப்ப விடுதியில அஞ்சாவதோட சரின்னுட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள பாப்பா பிரகதியைக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. எங்கண்ணன் ஊட்டுல நாங்க ரெண்டு பேரும் இருந்துக்கறோம்னு கேட்டேனுங்க. உனக்குச் சந்தேக புத்தி, பேப்பரைப் படிச்சுப் பாருன்னு இதையே திருப்பிக் காட்டறாங்க."

நாச்சிமுத்து வந்தான். உடம்பு பெருத்திருக்கிறது. கும்பிட்டான். "நல்லா இருக்கேன் மேடம், எல்லாம் உங்க புண்ணியம்" என்றான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முன்பு பிடித்திருந்ததா என்று யோசித்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

ஜூலை 10, புதன்

அலுவலகத்திலிருந்து அந்தத் தாள் எப்படி வெளியே போனது? எனக்குத் தெரிய வேண்டும். கோப்புகளைப் பார்ப்பவர் எழுத்தர் தங்கமுத்து. நகல் எடுக்கும் இயந்திரமும் அவர் பக்கத்தில்தான். கூப்பிட்டு விசாரித்தேன். வியர்த்தார். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

தங்கமுத்து விடுப்பு. வயிற்றுப்போக்காம். நம்பவில்லை.

ஜூலை 15, திங்கள்

தமயந்தி போன் செய்தாள். எண்ணை நான்தான் கொடுத்திருந்தேன்.

"மேடம், அதே மாதிரி இன்னொரு பேப்பர். அதிகம்னு எழுதி சீல் போட்டுக் குடுங்க. எங்கண்ணன் பேப்பருக்குத்தான் மசிவாங்க."

"இல்லாததை எழுத முடியாதும்மா."

"அப்ப மட்டும் இருந்ததையா எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டு, கோபமா அழுகையா தெரியவில்லை, வைத்துவிட்டாள்.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு புதுப் படிவம் எடுத்தேன். நேர்மையாகத்தான் போட்டேன், ஆனால் அதிகம் வரவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. வயது கூடியிருக்கிறது, அதில் ஒன்று கழிந்தது. இரண்டு வருடத்துக்குமேல் மனைவியோடு குடும்பம் நடத்தியிருக்கிறான், அதில் இன்னொன்று கழிந்தது. மூன்று தடவை கூட்டினேன்.

பூஜ்யம்.

அவனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவள் அவள். அதற்கான மதிப்பெண்ணை அவன் வாங்கியிருக்கிறான்! படிவத்தைக் கிழிக்கப் போனேன். சுலைமானுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று கிழிக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

தங்கமுத்து வந்தார். இளைத்துதான் போயிருக்கிறார். இந்தத் தடவை நான் கூப்பிடாமலே வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

"மேடம், நான் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நகல் வேணா யாரும் எடுக்கலாம். அந்த ரவுண்டு சீல் உங்க டிராயர்லதான் இருக்கும். சாவி உங்க கைப்பையில இருக்கும். நீங்க இல்லாத அன்னிக்கு ஒரு சீல் விழணும்னா நாங்க மறுநாள் வரைக்கும் காத்துக்கிட்டு இருப்போம். உங்களுக்கே தெரியும்."

வேறு வேலை இல்லையா என்று அனுப்பிவிட்டேன். வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். முனையை உடைத்துப் பார்த்து வாங்கினவைதான், ஆனாலும் பாதி முற்றல்.

ஜூலை 21, ஞாயிறு

வீட்டுக்காரர் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். எழுதிவிடுகிறேன்.

நாச்சிமுத்து அம்மாவின் முகம் நினைவிருக்கிறது. நெற்றியில் பெரிய பச்சை குத்தியிருந்தாள். மூன்று நாள் என் அறைக்கு வெளியே தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மகன் வெளியே வந்தால் வேலை கொடுக்கமாட்டார்கள், ஊருக்குள் விடமாட்டார்கள், ஏதாவது ஒரு காகிதம் கொடு தாயி என்று ஒரே பாட்டு. மூன்றாம் நாள் காலில் விழுந்தாள். விட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. நகல் எடுத்ததும் நான், சீல் குத்தியதும் நான். காகிதத்தில் இருப்பது உண்மைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் இன்னொன்றும் உண்டு. நான் கொண்டுவந்த படிவத்துக்கு வெளியுலகில் ஒரு மதிப்பு இருக்கிறது என்று அன்று பெருமையாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

தங்கமுத்துவை நான் படுத்தியபாடு.

ஜூலை 24, புதன்

முதலில் தங்கமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. அவர் உரிமை.

பிறகு சுலைமானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒரு கடிதம் வேணும் மேடம். நீங்க கண்காணிப்பாளர் கிட்டச் சொல்லிட்டு எழுதினா நல்லது. உங்க மேல நடவடிக்கை வரலாம்" என்றார். இந்த மனிதரை நான் ஆறு வாரம் சந்தேகப்பட்டேன்.

கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். விளக்கம் எழுத்தில் வேண்டும் என்றார். அதைக் கொடுத்துவிட்டுக் கடிதத்தை எழுதினேன். ஐந்து தடவை அடித்து எழுதியதில் நின்றது இவ்வளவு:

"இணைக்கப்பட்ட தாள் நற்சான்றிதழ் அல்ல. அதை வெளியே கொடுத்தது என் தவறு. நாச்சிமுத்து மறுபடி குற்றம் செய்வாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. எந்தப் படிவத்துக்கும் தெரியாது. குழந்தை இருக்கும் வீட்டில் அவர் வசிக்கலாம் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை."

கையெழுத்துப் போட்டேன். அனுமதி வாங்கி, சீலும் வைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

தமயந்தியின் அண்ணன் லோகநாதன் வீட்டுக்கு நானே போனேன். தறிப்பட்டறை வைத்திருக்கிறார். தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

"ஏனுங்க, ரெண்டுலயும் உங்க சீல்தான் இருக்குது. நான் எதை நம்பட்டும்?"

"எதையும் நம்ப வேண்டாங்க. உங்க தங்கச்சியை நம்புங்க. அஞ்சு வருஷமா பக்கத்துல இருந்து பார்த்தது அவதான். நான் பார்த்தது நாப்பது நிமிஷம்."

"ஊருல நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அறுத்துக் கட்டின ரெண்டாவது ஊட்டுல இருந்தும் வந்துட்டாளான்னு..."

அவர் மனைவி அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். "என்ன சொல்லுவாங்களோ சொல்லிட்டுப் போறாங்க. பட்டறைக்குப் பின்னால ரூமு சும்மாத்தான கெடக்குது. நூலு மூட்டையை நகத்துனா முடிஞ்சுது" என்றாள். லோகநாதன் மூன்றாம் முறையாக வாசித்தார். பிறகு மூட்டையை நகர்த்தப் போனார்.

ஜூலை 31, புதன்

தமயந்தி போன் செய்தாள். பிரகதியை அண்ணன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாளாம். "பாப்பா கிட்டப் பேசறீங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தக் குழந்தையிடம் நான் என்ன பேசுவது?

பின்னால் ஒரு சின்னக் குரல், அம்மா, நாம இனிமே இங்கயேதானா என்று கேட்டது காதில் விழுந்தது. சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் சாதம் வடிக்கும்போதுதான் உறைத்தது. தமயந்தி போய்விட்டாள். இனி பண்ணையில் முட்டை விற்பது யார்?

பண்ணைக்கு ஓடினேன். முதலாளி நல்ல மாதிரிதான் பேசினார். தமயந்தி போனதால் முட்டை விற்க நாச்சிமுத்துவையே உட்கார வைத்திருக்கிறாராம். மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு நகலை எடுத்துக் காட்டினார். என் சீல்! வேலைக்குச் சேரும்போது கொடுத்தார்களாம். கடிதத்தைக் காட்டி விளக்கினேன். "ஆளு கெடைக்கறதில்லைங்க மேடம். திங்கக்கெழமையில இருந்து தீவனக் கொட்டாய்க்கே அனுப்பிச்சர்றேன்" என்றார். பிள்ளைகள் வருகிற இடம் ஆயிற்றே என்றேன். "பாத்துக்கலாமுங்க" என்றார். காவல் நிலையத்திலும் சொன்னேன். புகார் யார் மேல், என்ன என்று கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லையே!

திரும்பிவந்து பழைய ஐந்து வீட்டுக் குறிப்புகளை எடுத்தேன். வாசலை அடைத்த கட்டில். கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் தாத்தா. நான் எழுதியதை நானே இப்போதுதான் வாசிக்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

திங்கட்கிழமை போய் சனிக்கிழமையும் வந்துவிட்டது. பண்ணைக்குப் போனேன். முட்டை அறை வாசலில் நாச்சிமுத்துதான் உட்கார்ந்திருந்தான். முன்னால் கிண்ணத்தோடு ஒரு சிறுமி. ஏழு வயது இருக்கும். அவன் முட்டைகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான். வேறொன்றும் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் எண்ணிக்கை தப்பியது.

நான் அந்தச் சிறுமியின் பக்கத்தில் போய் நின்றேன். அது வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும்வரை நின்றேன். இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கும் நின்றேன். முழங்கால் விண்ணென்று வலித்தது.

"நான் ஒண்ணும் பண்ணலீங்களே மேடம்" என்றான்.

"தெரியும்."

"பொண்டாட்டியையும் பிரிச்சு உட்டுட்டீங்க. இன்னும் என்னத்துக்கு வந்தீங்க?"

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறதா? இருக்கலாம். அவன் அந்த ஆறேழு பேரில் இல்லாமலே இருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாது. ஒரு டஜன் முட்டை கேட்டேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்து வாங்கினேன். பிறகு முதலாளியைத் தேடிப்போய், அவனைக் கொட்டாய்க்கு அனுப்புகிறவரை தினமும் வருவேன் என்றேன். ஓய்வுக்கு அப்புறமும் வருவேன், எனக்கு வேலை இல்லை என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சுலைமானின் பட்டியலை எடுத்தேன். "மறுகுற்றம்" என்ற கட்டத்தில் நாச்சிமுத்துவுக்கு "இல்லை" என்றுதான் போட வேண்டும். போட்டேன். ஸ்கேல் வைத்து வலது ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் கோடிழுத்தேன். தலைப்பு: "காவல் இருப்பவர்". மூன்றாவது வீட்டுக்கு "தாய்" என்று எழுதினேன். ஐந்தாவதுக்கு "தாத்தா". நாச்சிமுத்துவின் வரிசையில் "மனைவி, ஆகஸ்ட் வரை" என்று எழுதினேன்.

அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன்.